காலைத் தேடி வந்த கிளட்ச்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-இல் புதுக்கோட்டைக்கும் பொன்னமராவதிக்கும் நடுவே ஓடிய பஸ்ஸுக்கு ரத்தினவேல்தான் டிரைவர். பிறந்தது இலுப்பூர். வானம் பார்த்த பூமி கொஞ்சம் இருந்தது. அதை அண்ணன்மார் உழுதார்கள். ரத்தினவேலுக்கு ஏர் பிடிக்க வரவில்லை. பதினாறு வயதில் லாரி கழுவப் போனவர், இருபத்திரண்டில் லைசென்ஸ் வாங்கி, முப்பதில் பஸ் ஓட்டினார். அவர் கியர் மாற்றினால் பின் சீட்டில் தூங்குகிற குழந்தை விழிக்காது என்று அந்தப் பாதையில் பேர்.

1951 ஐப்பசியில் திருமயம் தாண்டி டயர் வெடித்தது. நல்ல மழை பெய்து விட்டிருந்த நேரம். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றியபோது அடியில் மண் இளகி ஜாக்கி சரிந்தது. வண்டியின் பாரம் முழுக்க அவருடைய இடது பாதத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்த நாலாம் நாள், விஷம் மேலே ஏறாமலிருக்க முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு மிச்சத்தை எடுத்துவிட்டார்கள்.

பஸ் முதலாளி ஈவிரக்கம் உள்ளவர். கொஞ்சம் பணமும் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுத் தகரக் கொட்டகையில் டயம் கீப்பர் வேலையும் போட்டுக் கொடுத்தார். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுத வேண்டும். உட்கார்ந்த இடத்துச் சம்பளம், நிழல், மின்விசிறி. ஊரில் எல்லோரும் கொடுத்துவைத்தவன் என்றார்கள். ரத்தினவேலும் வாயால் அப்படித்தான் சொன்னார். ஆனால் இரண்டு வருஷம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்ததில், சிறையில் இருப்பவன் சுவரில் கோடு போடுவதுபோலத்தான் அவர் அந்த நோட்டில் மணியை எழுதிக்கொண்டிருந்தார்.

1953-இல் ஒரு நாள் பிச்சைமுத்து வந்து அந்தச் சங்கதியைச் சொன்னார். பிச்சைமுத்து புதுக்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். ரத்தினவேலுக்குப் பழைய சிநேகிதர். திருமயம் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போனாராம். அங்கே வண்டிக் கொட்டகையில் ஒரு சீமைக் கார் கிடக்கிறதாம். இரண்டே சீட்டு, தலைக்கு மேல் கூரை இல்லை, ஆள் இடுப்பு உயரம்கூட இல்லை, பந்தயத்துக்கு ஓட்டுகிற ஜாதி. வீட்டு ஆச்சி அதைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருக்கிறார் என்றார் பிச்சைமுத்து. அவர் சும்மா சொன்னதுதான். ரத்தினவேல் மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊன்றுகோலோடு பஸ் ஏறினார்.

அந்தக் காரை மலேயாவில் ஒரு தோட்டத் துரையிடம் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தவர் குமரப்பன் செட்டியார். ஒரு வருஷம் ஊரைக் கலக்கி ஓட்டியிருக்கிறார். ஒரு நாள் கண்மாய்க் கரையில் திருப்ப முடியாமல் வண்டியோடு தண்ணீருக்குள் போய், தோள்பட்டை எலும்பு முறிந்து வெளியே வந்தார். அன்றைக்குச் சாவியை வாங்கித் தன் முந்தானையில் முடிந்த கண்ணம்மை ஆச்சி, பதினான்கு வருஷமாக அவிழ்க்கவில்லை.

ஆச்சி முதலில் ரத்தினவேலின் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"ஓட்டுறதுக்கா கேக்குறீக, இல்ல ஒடச்சு விக்கவா?"

"ஓட்டத்தான் ஆச்சி."

"வேகமாவா?"

"வேகம் எனக்கு எதுக்கு ஆச்சி? போனாப் போதும்."

ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். பிறகு, "எங்க மகன் அண்ணாமலைக்கு வர்ற தையோட பதினெட்டு முடியுது. இப்பவே கொட்டகைக் கதவு இடுக்குல எட்டிப் பாக்குறான். அவன் பள்ளிக்கூடத்துலேருந்து வாரதுக்குள்ள கொண்டு போயிருங்க" என்றார்.

விலையைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. செட்டியார் உள்ளிருந்து வந்து காரை ஒருமுறை சுற்றினார், முன்மூடியில் இருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார், திரும்பி உள்ளே போனார். இரண்டு மாடுகளைப் பூட்டி, வடக்கயிறு கட்டி, காரைத் தெருவுக்கு இழுத்தபோது ஆச்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். பேய் ஓட்டியதுபோல இருந்தது அவர் முகம்.

புதுக்கோட்டையில் ரத்தினவேலின் மனைவி பொன்னுத்தாயின் முகம் அப்படி இல்லை. தெருப் பிள்ளைகள் புடைசூழ மாடு இழுத்துவந்த அந்தச் சிவப்புக் காரைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "கால் போன காசுல காரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இரண்டு நாள் சோறு வைத்தாள், பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் எழுந்து பார்த்தபோது, சீட்டுக்குள் கூடு கட்டியிருந்த எலிகளை விரட்டி, பஞ்சையெல்லாம் பிடுங்கி எறிந்து, சீவக்கட்டையால் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே, "கரையான் வேற அரிச்சிருக்கு" என்றாள். ரத்தினவேலுக்கு அப்போதே பாதிப் பாரம் இறங்கியது.

கரையான் அரித்தது நிஜம். அந்தக் காரின் தகட்டுக்குள்ளே இருந்த சட்டம் மரச்சட்டம். காரைப் பிச்சைமுத்து பட்டறைக்குத் தள்ளிக்கொண்டுபோய், ஆசாரியை வைத்து அதை முழுக்க வேம்பில் மாற்றினார்கள். எஞ்சின் இறுகிப்போயிருந்தது, பிஸ்டன் அசையவில்லை. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி ஊற வைத்து, தினமும் சாயங்காலம் கைப்பிடி போட்டு அசைத்துப் பார்ப்பார். எட்டாம் நாள் ஒரு விரற்கடை அசைந்தது. பத்தாம் நாள் முழுச் சுற்று வந்தது. அந்த அளவு டயர் மதராஸிலும் கிடைக்காது என்று தெரிந்ததும், வேறொரு பழைய காரின் சக்கரத்தைப் பிச்சைமுத்து லேத்தில் கடைந்து பொருத்தினார். லாரியும் பஸ்ஸும் மட்டுமே தெரிந்த ரத்தினவேலுக்கு அந்தக் காரின் இரட்டைக் கார்புரேட்டர் பிடிபட ஒரு மாசம் ஆனது. ஒன்று குடிக்கும்போது இன்னொன்று கக்கும். இரண்டையும் ஒரே மூச்சாக இழுக்கவைத்த அன்று எஞ்சின் பற்றிக்கொண்டது. உறுமலில் எதிர்வீட்டுக் கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன. கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு ரத்தினவேல் பட்டறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

எஞ்சின் ஓடியது. ஆனால் கிளட்ச்சை மிதிக்க அவருக்குக் கால் இல்லை. மரத்தில் செய்த கட்டைக் காலைக் கட்டிக்கொண்டு மிதித்தால் பெடல் இருக்கிற இடம் தெரியாமல் நழுவியது. வண்டி குதிரை மாதிரி எம்பி நின்றது. கடைசியில் உடைந்த லாரியின் கைப்பிரேக் தண்டு ஒன்றைக் கதவுப் பக்கம் நட்டு, கிளட்ச்சோடு இணைத்தார்கள். வலது கை அதை இழுக்க, இடது கை கியர் போட வேண்டும். பழகப் பழக வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில், மாசம் இரு முறை திருச்சியிலிருந்து வருகிற மோட்டார் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, ஓட்ட அனுமதி கேட்டார்.

இன்ஸ்பெக்டர் ரெங்கசாமி கண்ணாடி போட்ட, சத்தம் போடாத மனிதர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கால் மைல் போய்விட்டு வந்தார். இறங்கி நின்று கேட்டார்:

"கியர் மாத்தும்போது ரெண்டு கையும் வேற வேலையா இருக்கு. வண்டிய யாருங்க புடிக்கிறது?"

"ஸ்டீயரிங்க வலது முழங்காலால அணைச்சுக்குவேன் சார்."

"சந்தப்பேட்டையில ஒரு புள்ள குறுக்க ஓடி வந்தா முழங்கால் ஒடிச்சுத் திருப்புமா?"

ரத்தினவேல் தலை குனிந்தார். பஸ் ஓட்டிய மனுஷர். அந்தக் கேள்வி நியாயமானது என்று அவருக்கே தெரியும். இன்ஸ்பெக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, "முடியாதுன்னு எழுதல. இப்பத்திக்கு இல்லன்னுதான் எழுதுறேன். மாத்திக் கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

மாற்றுவதற்கு இருப்பது இரண்டு கை, ஒரு கால். எதை எதற்கு வைப்பது? யோசித்து யோசித்து ரத்தினவேல் இளைத்துப்போனார். காரின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு டயம் கீப்பர் நோட்டுக்குத் திரும்பினார். வாங்கியது மடத்தனம் என்று ஒருநாள் பொன்னுத்தாயிடம் அவரே சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவள் கொட்டகைக்குச் சோறு கொண்டுவந்தாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பஸ் மேட்டில் ஏறித் திரும்பும் சத்தம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் இடது தொடை இறுகி முன்னே உந்தியது, தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி உந்தியது. அவருக்கே அது தெரியவில்லை. கை பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. பொன்னுத்தாய் தூக்குச்சட்டியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாரு வண்டிக்கு நீங்க கிளட்ச் மிதிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

ரத்தினவேல் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் தொடையைப் பார்த்தார். பொன்னமராவதி பஸ் கொட்டகை முன்னால் வந்து நின்றது. அந்த டிரைவர் கடைசியாகக் கிளட்ச்சை மிதித்தபோது இந்தத் தொடையும் சேர்ந்து உந்தி ஓய்ந்தது. காலின் அடிப்பகுதிதான் போயிருந்தது. மிதிக்கிற பலம் தொடையிலேயே இருந்தது. கால் பெடலுக்கு எட்டவில்லையென்றால் பெடல் காலுக்கு வரட்டுமே.

அன்று அவர் சோறு தின்றாரா இல்லையா என்று பொன்னுத்தாய்க்கு நினைவில்லை. சாயங்காலமே பிச்சைமுத்து பட்டறையில் கிளட்ச்சின் தண்டை வெட்டிப் பின்னுக்கு நீட்டிப் பற்றவைத்தார்கள். நுனியில் சிரட்டை மாதிரிக் குழிந்த இரும்புத் தட்டு. முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய ஒரு சாண் கால் அதற்குள் பொருந்தி உட்கார வேண்டும். முதல் தட்டு புண்ணாக்கியது. பொன்னுத்தாய் இலவம்பஞ்சு வைத்துத் தோல் தைத்தாள்; அது வழுக்கியது. பிரித்து, உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்தாள். மூன்றாம் தடவை வார் ஒன்றும் சேர்த்துத் தைத்தாள். அது நின்றது.

ஊருக்கு வெளியே பொட்டலில் தினமும் காலையில் பிச்சைமுத்துவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினார். இரண்டு கையும் ஸ்டீயரிங்குக்குத் திரும்பி வந்தன. ஒரு வாரத்தில் வண்டி எம்புவது நின்றது. ஒரு மாசத்தில் பிச்சைமுத்து பக்கத்து சீட்டில் தூங்க ஆரம்பித்தார்.

1954 சித்திரையில் ரெங்கசாமி மறுபடி ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை கால் மைலோடு விடவில்லை. சந்தைக்குள் போகச் சொன்னார். மேட்டில் பாதியில் நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் எடுக்கச் சொன்னார். எடுத்தார். திரும்பும் வழியில் ஒரு வெள்ளாட்டு மந்தை சந்திலிருந்து குபுகுபுவென்று ரோட்டுக்கு வந்தது. ரத்தினவேலின் தொடை உந்தியது, வலது கால் பிரேக்கை மிதித்தது, இரண்டு கையும் வண்டியை ஓரம் ஒதுக்கின. எஞ்சின் நிற்காமல் ஓட, ஆடுகள் முன்மூடியை உரசிக்கொண்டு போயின. ஒன்றின் மேலும் படவில்லை.

இன்ஸ்பெக்டர் இறங்கி, கீழே குனிந்து, பற்றவைத்த இடங்களைச் சாவியால் தட்டித் தட்டிப் பார்த்தார். தோல் குழியை விரலால் அமுக்கினார்.

"இது யாரு யோசன?"

"வீட்டுல கண்டுபுடிச்சுச் சொன்னதுங்க சார்."

ரெங்கசாமி பேனாவைத் திறந்தார். இந்த வண்டியை, இந்த மாற்றத்தோடு மட்டும் ஓட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மரத்தடியில் நின்ற பொன்னுத்தாய்க்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் கணவர் காகிதத்தை வாங்கிய விதத்தைப் பார்த்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டரை வருஷம் பிடித்துவைத்திருந்த மூச்சை இருவரும் அங்கேதான் விட்டார்கள்.

அன்று மத்தியானமே, இலுப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போவதென்று இருவரும் கிளம்பினார்கள். பாதி வழியில் புளியமரத்தடியில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் மூட்டையும் முடிச்சுமாகச் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் ராக்கன், ரத்தினவேலுக்குத் தெரிந்தவர்தான், முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு வேர்த்து நின்றார். ஆள் அனுப்பி இரண்டு மணி நேரம் ஆகிறது, மெக்கானிக் வந்தபாடில்லை என்றார். ரத்தினவேல் இறங்கினார். பெட்ரோல் குழாயில் அழுக்கு அடைத்திருந்தது. கழற்றி ஊதி, மாட்டி, எஞ்சினைக் கிளப்ப அரை மணிகூட ஆகவில்லை. சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறினார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, ஏறுவதற்கு முன் திரும்பி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பஸ் போனபிறகு பொன்னுத்தாய், "நடுரோட்டுல நின்னு போற வண்டி எத்தனையோ இருக்கும்ல?" என்றாள்.

இருந்தது. அடுத்த மாசம் ரத்தினவேல் தகரக் கொட்டகை வேலையை விட்டார். சீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தை நீட்டி, ஸ்பேனர், ஜாக்கி, வடக்கயிறு எல்லாம் வைக்க மரப்பெட்டி அடித்துப் பொருத்தினார். பொன்னமராவதி ரோடானாலும் இலுப்பூர் ரோடானாலும், நின்றுபோன வண்டி இருக்கிற இடத்துக்கு அந்தச் சிவப்புக் கார் போய்ச் சேர்ந்தது. பந்தயத்துக்குச் செய்த எஞ்சின். ஆனால் அவர் அதை முப்பது மைலுக்கு மேல் விரட்டியதில்லை. அறுபதுகளில் அந்த வட்டாரத்து டிரைவர்கள், வண்டி மக்கர் செய்தால் பதறுவதை விட்டுவிட்டார்கள். ஆள் அனுப்பிவிட்டு, மர நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். அந்த இரட்டைக் கார்புரேட்டர் சத்தம் தூரத்தில் கேட்டால் எழுந்து முன்மூடியைத் திறந்துவைப்பார்கள்.