மெசினுக்கு வைத்த பொட்டு

மெசினுக்குப் பொட்டு வைத்த ஆளைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மாங்குளத்துக்குக் கிட்ட, பிரதான வீதியோரம் இருக்கிறது எங்கள் தொழிற்சாலை. மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா, பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல்மா எல்லாம் பக்கற்றில் அடைத்துக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவார்கள். அடைப்பது நாங்கள், பெண்கள். கரண்டியால் அள்ளி, தராசில் வைத்து, பக்கற்றின் வாயைச் சூடுகாட்டி ஒட்ட வேண்டும். வீட்டுக்குப் போய் மறந்துபோய்க் கண்ணைக் கசக்கினால் அன்றைக்குத் தொலைந்தோம். அப்படியிருந்தும் வேலையை விட ஒருத்திக்கும் மனமில்லை. விட்டுவிட்டு எங்கே போவது?

பக்கத்து மேசையில் இருந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் ஓடிவந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரேயொரு மகள். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். திரும்பி வந்த அன்று பிள்ளை இவரைக் கண்டு பயந்து, சித்தியின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் கை வேலை செய்யாமல் நிற்கும்.

"இனி செத்தாலும் போக மாட்டேன் புள்ள. எனக்கு இந்த மொளகாத்தூளே போதும்," என்பார்.

நவராத்திரிக்குச் சற்று முன்னர் கொழும்பிலிருந்து மனேஜர் வந்து எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார். கொம்பனியை மறுசீரமைக்கப் போகிறார்களாம், புது மெசின் வருகிறதாம். மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம், குளப் புனரமைப்பு என்று வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய காதுகள் எங்களுடையவை. இதுவும் அந்த வகையில் ஒன்று, இன்னும் ஆட்களை எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டினோம். எங்களைப் போல விசரிகள் வேறெங்கும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் ஆட்களுக்குப் புதிதாக எது வந்தாலும் சும்மா விட முடியாது. சைக்கிளுக்கும் பொட்டு, உழவு இயந்திரத்துக்கும் பொட்டு, சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசிந்தால்தான் வாகனம் படலையைத் தாண்டும். ஆயுத பூசையன்று, வந்திறங்கிய மெசினுக்கு முன்னால் நிறைகுடம் வைத்துப் பொங்கிப் படைத்தோம். வயதில் மூத்தவர் என்று அக்காவையே பொட்டு வைக்கச் சொன்னோம். மெசினின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. பார்க்க நெற்றி மாதிரித்தான் இருந்தது. அக்கா சந்தனத்தைக் குழைத்து அதில் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

"எங்க எல்லாரையும் நீதான் காப்பாத்தணும் தாயே," என்று கும்பிட்டார். மனேஜர் போனில் படமெடுத்தார்.

மறுநாள் மெசினைப் போட்டால் உறுமுகிறது, பக்கற் வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டிப் பார்த்தார். நாங்கள் பழையபடி மேசையில் இருந்து கையால் அடைத்தோம்.

"தாய்க்குப் பொங்கல் போதாமப் போச்சுது போல," என்றாள் ஒருத்தி.

பின்னேரம்தான் விஷயம் பிடிபட்டது. பக்கற் வந்து நிற்கிறதா என்று மெசின் பார்க்கிற கண்ணே அந்தக் கண்ணாடிதானாம். இன்ஜினியர் சந்தனத்தைத் துடைத்தெடுத்தார். மனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரையும் விடக் கூடச் சிரித்தார். பிறகு மெசின் ஓடத் தொடங்கியது. எங்கள் முழு வரிசையும் ஒரு நாள் முழுக்க அடைப்பதை அது தேத்தண்ணி நேரத்துக்குள் அடைத்துத் தள்ளியது. அதற்குப் பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே ஆட்களை நிற்பாட்டினார்கள், முதல் பெயரே அக்காவுடையது. மூட்டை அவிழ்த்துக் கொட்ட என்னையும் இன்னொருத்தியையும் வைத்துக்கொண்டார்கள். அக்கா மனேஜரிடம் போய், கூட்டித் துடைக்கிற வேலையாவது தரச் சொல்லிக் கேட்டார்.

"நீங்க கண்ணுக்கே சந்தனம் பூசின ஆள் அம்மா. உங்களுக்கு இந்த மெசின் எல்லாம் சரிவராது," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பூசச் சொன்னது நாங்கள் எல்லாரும். படமெடுத்தது நீங்கள், சேர்," என்றேன். அவர் காதில் விழாத மாதிரிப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நானும் வாய் திறக்கவில்லை, எனக்கும் அடுப்பெரிய வேண்டுமே. அந்தப் படத்தை அடுத்த வருஷக் கலண்டரில் போட்டார்கள். அக்கா கும்பிட்டபடி நிற்கிறார், கீழே "எங்கள் குடும்பம்" என்று எழுதியிருக்கிறது. வெட்கம் கெட்டவர்கள்.

அக்கா கிளிநொச்சி உடுப்புத் தொழிற்சாலையில் கேட்டார், வயது கூடிப்போச்சு என்றார்கள். கச்சான் கடலை பிடுங்கப் போனார், அது முடிந்ததும் அந்த வேலையும் இல்லை. கடைசியில் செத்தாலும் போக மாட்டேன் என்ற இடத்துக்கே போனார்.

மகள் இந்த முறையும் சித்தியிடம்தான் இருக்கிறாள். போன ஞாயிறு நான் பார்க்கப் போயிருந்த நேரம் குவைத்திலிருந்து அழைப்பு வந்தது, முகம் தெரிகிற அழைப்பு.

"நீங்களே கதையுங்கோ அன்ரி," என்று போனை என் கையில் திணித்துவிட்டு, அவள் சித்திக்குப் பின்னால் போய் நின்றாள். ஓ.எல். சோதினை எழுதப் போகிற பிள்ளை, சித்தியை விட உயரம். முழுதாக மறைய முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"மெசின் நல்லா ஓடுதா புள்ள?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, ஓடுது," என்றேன்.