குறுக்கே பேசும் வானொலி

"ஐயா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." ரிசீவரைக் காதில் வைத்ததும் வானொலி அறிவிப்பாளரிடம் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் தையல்காரம்மா பேச ஆரம்பிப்பார். தெருக்கோடியில் ஒலிபரப்புக் கோபுரம் எழுந்த நாளிலிருந்து அவர் வீட்டுத் தொலைபேசியில் பாட்டும் செய்தியும் கலந்து வந்தன. வாயில் குண்டூசி, கழுத்தில் அளவு நாடா, தோளுக்கும் காதுக்கும் இடையில் ரிசீவர். ஒருமுறை போனில் அளவு கேட்டுக்கொண்டிருந்தபோது வானிலை அறிக்கையில் வந்த வெப்பநிலையை இடுப்பளவு என்று எண்ணித் துணியை வெட்டிவிட்டார். "வெயில் ஏறுனா இடுப்புமா ஏறும்?" என்று தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

வாடிக்கையாளர்கள் போகட்டும், கத்திப் பேசுவார்கள். வெளியூரில் இருக்கும் அக்காவால் அது முடியாது. தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபின் அவருக்கு மிஞ்சியது காற்றுக் குரல்தான். அதையும் பாட்டு விழுங்கியது. "ஒண்ணுமில்லடி, வைக்கிறேன்" என்று அக்கா சீக்கிரமே முடித்துக்கொள்ள ஆரம்பித்தபோது தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

டெலிபோன் லைன்மேனை வரவழைத்தார்.

"டவர் பக்கத்துல இருக்கேம்மா."

"டவரை நகர்த்தச் சொல்லலையே தம்பி. போன்ல பாடாம இருந்தா போதும்."

லைன்மேன் சிரித்துவிட்டு, வீட்டிலுள்ள இணைப்புகளையெல்லாம் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கச் சொன்னார். தையல்காரம்மா ஸ்டூல் போட்டு ஏறினார். கூடத்துப் போனை மட்டும் மாட்டியபோது பாட்டு முனகலாகத் தேய்ந்தது. படுக்கையறையில் இருக்கும் இன்னொரு போனுக்குப் போகும் வயரைச் செருகியதும் பாடகர் பக்கத்திலேயே வந்து நின்றார். மிச்ச வயர் பீரோவின் மேல் சுருள் சுருளாகக் கிடந்தது.

"அது நான் போட்ட வயராச்சே," என்றார் தையல்காரம்மாவின் வீட்டுக்காரர்.

"நல்ல வயருதாங்க. ஏரியல் மாதிரி ஊர்ப் பாட்டையெல்லாம் இழுத்துட்டு வருது," என்றார் லைன்மேன்.

வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த வயரைக் கழற்றிச் சுருட்டியவர் அவர்தான். மீதி முனகலை அடக்க லைன்மேன் வானொலி அலையைத் தடுக்கும், தீப்பெட்டி அளவிலான ஒரு வடிகட்டியைப் போனுக்கும் சுவருக்கும் நடுவே செருகிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மணி அடித்தது.

"என்னடி, லைன்ல இருக்கியா? ஒரு சத்தத்தையும் காணோமே."

அக்கா மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"இருக்கேன்க்கா. நீ பேசு."

கூடத்தில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. தையல்காரம்மா கையை நீட்டி அதை நிறுத்தினார். பிறகு தன் மூச்சுகூடக் குறுக்கே போகாதபடி, ரிசீவரின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.