இடப்பக்க வகிடு

நம் சரோஜா மேடம் போய்விட்ட செய்தி வந்தபோது நான் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். போனில் நம் வகுப்புச் செல்வி. "அக்கா, மேடம் போய்ட்டாங்கக்கா. மாரடைப்பாம்." ரிசீவரை வைத்ததும் மாமியார் கேட்டார்: "பச்சப்புள்ளய வச்சிக்கினு சாவு வூட்டுக்குப் போவப் போறியா?" குழந்தைக்குச் சளி வேறு. நான் போகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவரிடம் அழகுக்கலை படித்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

பிள்ளையார்பாளையம் மாடி வகுப்பில் கத்தரியைத் தொடும் முன்பே வாயை அடக்கப் பழகினோம். ஃபேஷியலுக்கு வந்த பெண்ணைப் பார்த்து மாலா, "அய்யோ, இவ்ளோ பருவா!" என்றாள். அந்தப் பெண் படியிறங்கும்வரை பொறுத்திருந்து மேடம் சொன்னார்: "அவங்க வூட்லயும் கண்ணாடி இருக்குதுபா." மாலாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

எனக்குக் கிடைத்த பாடம் வேறு. பெரியவனுக்குக் காய்ச்சல் என்று ஏனாத்தூர் கல்யாணத்துக்குத் தாமதமாகப் போய், வாசலிலேயே நீளமாக விளக்கினேன். பி.எஸ்சி. படித்த வாய். மேடம் மணப்பெண்ணுக்கு ஜடை பின்னிக்கொண்டே, "கொழந்தைக்கு இப்போ எப்படி இருக்குது?" என்று கேட்டார். பிறகுதான் சொன்னார்: "ஒரு போன் போட்டிருந்தா செல்விய வரவச்சிருப்பேன். பொண்ணு தலைய விரிச்சுப் போட்டுக்கினு உக்காந்திருந்தா. காரணத்த நீயே வச்சிக்கோம்மா. எனக்கு ஏற்பாடு சொல்லு."

மாதாமாதம் அவருக்கு முடிச்சாயம் போட்டவள் நான்தான். எப்போதும் இடப்பக்க வகிடு. "நடுவுல எடுத்துடாதம்மா, அப்படியே எங்க மாமியார் ஆயிடுவேன்" என்பார்.

மேடம் போன அன்று அவர் வீட்டில் நடந்ததைச் செல்வி பிறகு சொன்னாள். குளிப்பாட்டியதும் உறவுப் பெண்கள் சீப்பை எடுத்திருக்கிறார்கள். "இருங்கம்மா, எங்க அக்கா வந்துடுவாங்க. மேடத்துக்கு அவங்கதான் செய்வாங்க" என்று நம் பெண்கள் தடுத்திருக்கிறார்கள். வெகுநேரம் வாசலைப் பார்த்தார்களாம். எடுக்கும் நேரம் வந்ததும் யாரோ அவசரமாக வாரி, நடுவில் வகிடு எடுத்துக் கொண்டை போட்டுவிட்டார்கள். "அந்தக் கூட்டத்துல எதுவும் சொல்ல முடியலக்கா."

நான் வராததைக்கூட மேடம் பொறுத்திருப்பார். "நான் வரல செல்வி, நீ செய். இடப்பக்கம்." இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நானோ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என் காரணம் சரிதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கூரத்தில் ஒரு நிச்சயதார்த்த அலங்காரம் ஒப்புக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சின்னவளுக்கு உடம்பு சுட்டது. உடனே செல்வியைக் கூப்பிட்டேன். "நாளைக்கு நீ போயிடு. பொண்ணுக்கு வலது காதுகிட்ட முடி கம்மி. பூவ அந்தப் பக்கமா இறக்கி வை."

"ஏன்க்கா, என்ன ஆச்சு?" என்றாள்.

காரணத்தைச் சொல்லாமல் பெண் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். மேடத்திடம் கற்று நான் வைத்துக்கொண்டிருப்பது இப்படி ஒரு போன் போடுவதுதான். அவருக்குத்தான் அதைச் செய்யவில்லை.