கவிழ்த்த கப்பலின் கீழே

அறுபதுகளில் ஓர் ஆடி மழைநாள். நிறைமாதமாக இருந்த எனக்கு, கொச்சியில் மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வலி கண்டுவிட்டது. கணவர் என்னைப் பழைய லுத்தரன் தேவாலயத்துக்குள் விட்டுவிட்டு மருத்துவச்சியை அழைத்துவர ஓடினார்.

பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த போதகரின் மனைவி சாராச் சேச்சி ஓடிவந்து என் தலையை மடியில் ஏந்திக்கொண்டார்.

"பயப்படாதே மோளே, மேலே பாரு. டச்சுக்காரங்க காலத்துல ஜெர்மன்காரங்க கட்டினது. கப்பல் ஆசாரிங்க போட்ட கூரை. கப்பலைக் கவிழ்த்து வச்ச மாதிரி இல்லையா?"

பார்த்தேன். மழையொலியில் தேக்கு வளைவுகள் மெல்ல அசைந்தன. உயரமான ஜன்னல்களில் சாம்பல் வெளிச்சம் நீராக இறங்கியது. வலி எழும்போதெல்லாம் அந்தக் கப்பல் என்னைத் தூக்கிக்கொண்டு எங்கோ போனது. சேச்சியின் கைகளிலேயே மகள் பிறந்துவிட்டாள்.

மருத்துவச்சியோடு திரும்பி வந்த கணவர் குழந்தையை வாங்கினார். பிறந்த குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்வது எங்கள் முஸ்லிம் வழக்கம். அவர் பீடத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"எந்தா யோசனை? சொல்லுங்க" என்ற சேச்சி, தலையில் முக்காடிட்டு எழுந்து நின்றார்.

கணவர் பாங்கை மெதுவாகத்தான் சொன்னார். தடித்த சுவர்கள் அதைப் பெரிதாக்கிக் கூரை முழுக்க நிறைத்தன. எங்களைப் போன்றவர்களை வெளியே நிறுத்தத்தான் அந்தச் சுவர்களைக் கட்டினார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.