இருமல் இல்லாத குரல்

மாடிப்படி ஏறும்போதே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. புத்தகம் பதிகிற நேரத்தில் எங்கள் அறையில் மின்விசிறி சுற்றாது. அதன் கடகடப்பு டேப்பில் ஏறிவிடும் என்று, சித்திரை வெயிலிலும் சன்னலைச் சாத்தி, வேர்க்க வேர்க்கத்தான் வேலை செய்வோம். அன்று அது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே நம் சங்கத்துச் செயலாளர் ஐயா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சவரிமுத்து போயிட்டாம்மா. விடியக்காலம், பெரியாஸ்பத்திரியிலே" என்றார்.

நான் போட்டிருந்த செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதை உங்களுக்கு யாரோ ஒருவர் வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பார். பார்வையில்லாத உங்களுக்கு சங்கத்தின் இந்த மலர் அப்படித்தான் வந்து சேரும். சவரிமுத்து அண்ணனின் குரலை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அந்த டேப்புகளைக் கேட்காதவர் உங்களில் இல்லை. அவர் படிக்கும்போது எதிரில் இருந்தவள் நான் ஒருத்திதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். டேப் ரிக்கார்டரை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் வேலை. பேசுவதற்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

அவருடைய பிழைப்பு சினிமா நோட்டீஸ் வண்டி. குதிரை வண்டியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பாலக்கரை தொடங்கி உறையூர் வரை புதுப்படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போவார். அந்தக் குரலைத் தெருவில் கேட்டுத்தான் ஐயா வண்டியை நிறுத்தி, புத்தகம் படிக்க வருகிறாயா என்று கேட்டாராம்.

முதல் நாள் முதல் அத்தியாயத்தை நன்றாகத்தான் படித்தார். கடைசி வரி முடிந்ததும் மூச்சை இழுத்துவிட்டு, "இன்று முதல் தினசரி மூன்று காட்சிகள்! காணத் தவறாதீர்கள்!" என்று முழங்கினார். ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பழக்கம் சாமி. நிறுத்தற இடம் வந்தா அது தானா வந்துடுது" என்று அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் டேப்பை அந்த முழக்கம் வரை பின்னுக்குச் சுற்றி, அதன்மேல் அடுத்த அத்தியாயத்தைப் பதியவிட்டேன். மேலே பதிந்தால் கீழே உள்ளது அழிந்துபோகும்.

தொடக்கத்தில் அவர் குரல் அறைக்குள் அடங்கவில்லை. ரிக்கார்டரில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டித் தாண்டி விழுந்தது. "சுவத்தைப் பாத்து எப்படி சாமி கதை சொல்றது? எதிர்ல ஒரு ஆள் வேணும்" என்றார். என் மேசையை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். அவர் என்னைப் பார்த்து, பாட்டரி தீர்ந்த மைக்கில் பேசுவதுபோல மெதுவாகப் படித்தார். முள் அதன்பிறகு சிவப்புக்குப் போகவே இல்லை. "வண்டியில போறப்ப ஊருக்குச் சொல்றது. இது ஒருத்தருக்குச் சொல்றது" என்பார்.

ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும், "நல்லாயிருந்துச்சா தங்கச்சி?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். "தலையாட்டினா டேப்புல விழாதும்மா. வாயத் தொறந்து சொல்லு" என்பார். நான் சொன்னதில்லை.

முதல் புத்தகம் தயாரானபோது அதைக் கேட்க ஆள் வேண்டுமே என்று ஐயா துண்டு நோட்டீஸ் அச்சடித்துக் கொண்டுவந்தார். அண்ணன் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு நோட்டீஸா? நல்ல ஆளு சாமி நீங்க!"

"ஆத்துல இருக்கறவா படிச்சுச் சொல்லமாட்டாளாப்பா?"

"அப்படிப் படிச்சுச் சொல்ற வீடா இருந்தா, நம்ம டேப்பு அவங்களுக்கு எதுக்கு?"

மறுநாள் வண்டியில் அவரே சொன்னார். படத்தைச் சொல்லி முடித்ததும் மூச்சுவிடாமல் எங்கள் புத்தகத்தையும் சேர்த்துச் சொன்னார். அம்மாமண்டபத்துப் பக்கம் ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து, "எந்தக் கொட்டாயிலண்ணே ஓடுது?" என்று கேட்டாளாம். "கொட்டாயில இல்லம்மா, காதுல ஓடுது" என்றாராம். அவள் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

அன்று மாலை ஒரே ஒருவர் வந்தார். பிரம்பு நாற்காலி பின்னும் ராமையா, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். ஐயாவின் முகம் சுண்டிப்போயிற்று. பகலெல்லாம் வண்டியில் கத்தி அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல, "ஒருத்தருக்குத்தானே படிக்கிறோம் சாமி. ஒருத்தர் வந்துட்டாரு" என்றார்.

இருமல் சென்ற ஐப்பசியில் வந்தது. நீங்கள் யாரும் அவர் இருமிக் கேட்டிருக்கமாட்டீர்கள். அவர் கையை உயர்த்துவார், நான் நிறுத்துவேன். சில சமயம் கை உயரும் முன்பே இருமல் வந்துவிடும். அப்போது பின்னுக்குச் சுற்றி, கடைசியாக நன்றாக வந்த வாக்கியத்தைத் தேடி, அங்கிருந்து மறுபடி பதிவேன். முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை. பிறகு ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை. கைக்குட்டையைப் பார்த்துவிட்டு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எங்க விட்டோம் தங்கச்சி?" என்று கேட்பார். நான் வரியில் விரலை வைத்துக் காட்டுவேன்.

இறந்த செய்தியைச் சொல்ல ராமையாவின் வீட்டுக்கு நான்தான் போனேன். அவர் பிரம்பைக் கையிலிருந்து விடாமல் கேட்டார்.

"என்னம்மா சொல்றீங்க? நேத்துகூடக் கேட்டேனே. நல்லாத்தானே படிச்சாரு? குரல்ல ஒரு பிசிறு இல்லையே!"

பிறகு பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, "கதையில அந்தத் தம்பி கடைசியில ஊரு வந்து சேர்ந்தானா? அத மட்டும் யாரையாச்சும் சொல்லிடச் சொல்லுங்க" என்றார்.

அந்தக் கதையில் மூன்று அத்தியாயங்கள் மிச்சம் இருந்தன. அவற்றைப் படிக்க ஐயா ஒரு பாங்கி உத்தியோகஸ்தரைப் பிடித்தார். நல்ல மனிதர். அண்ணனின் டேப்பைக் கொஞ்சம் கேட்டார். "இவ்வளவு தூரம் ஒரு குரல்ல வந்துட்டு, கடைசியில வேற குரல்னா கேக்கறவங்களுக்கு ஒட்டாதுங்க. மொதல்லேருந்து நானே படிச்சுடறேன்" என்றார். அவர் சொன்னது தவறில்லை. ஆனால் எங்களிடம் இருந்தவை அந்த டேப் ரீல்கள் மட்டும்தான்; இவர் படிப்பதும் அவற்றின்மேல்தான் ஏறவேண்டும். முந்தைய கதைகளும் அவற்றில்தான் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அண்ணனே படித்து அழித்திருந்தார். இப்போது அவர் குரலில் இருப்பது இந்தக் கதை ஒன்றுதான்.

பாங்கிக்காரர் போனபின் நான் ஐயாவிடம், "ஒரே ஒரு ரீலை மட்டும் எடுத்து வச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டேன். அந்த அறையில் நானாக எதையும் கேட்டது அதுவே முதல் தடவை.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மட்டும் மனசில்லையாம்மா? டேப்புக்கு மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு மாசக்கணக்காச்சு. கப்பல்லேயே வரலைங்கறான். ஒரு ரீல் குறைஞ்சா கதை மறுபடியும் பாதியிலே நிக்கும். ராமையாவுக்கு நீ போய்ச் சொல்றியா?"

நான் தலையை ஆட்டவில்லை.

நீங்கள் கேட்ட குரல் இனி யாரிடமும் இருக்காது. என்னிடம் இருப்பவை, டேப்பில் நில்லாமல் நான் அழித்தவை. மூன்று காட்சிகள் என்ற முழக்கம். எந்தப் பக்கத்தில் எந்தச் சொல்லுக்குப் பின் இருமினார் என்பது. "எங்க விட்டோம் தங்கச்சி?" என்ற கேள்வி. இவற்றை வேறு எங்கும் பதிய முடியாததால் இங்கே எழுதிவைக்கிறேன்.

திங்கட்கிழமை புதியவர் வந்தார். எதிரில் ஆள் இருந்தால் கவனம் சிதறும் என்று என் மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். நான் முதல் ரீலை மாட்டினேன். அவர் புத்தகத்தைப் பிரித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார்.

"ஆரம்பிக்கலாங்க" என்று வாயைத் திறந்து சொன்னேன். எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன்.