பாலோடு விழுங்கிய குளிசைகள்

என்னைக் கடித்த உண்ணியை நான் காணவேயில்லை. ஆடி மாதம் எங்கள் கோயில் சனம் எல்லாம் சேர்ந்து ஆற்றுக்கு அப்பால் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். பெடியங்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். ஆட்களோடு கதைத்துக்கொண்டு நிற்பதைவிட எனக்குப் பந்து பொறுக்குவது சுகம். இடுப்பளவு புல்லுக்குள் ஏழெட்டுத் தரம் போய்வந்தேன். இரண்டு கிழமைக்குப் பிறகு தொடையின் பின்பக்கம் ஒரு சிவந்த வட்டம் வந்தது. இடம் அப்படிப்பட்டது என்பதால் மனைவியிடம்கூடக் காட்டவில்லை. அது தானாக மறைந்துபோனது. அதன் பிறகுதான் முழங்கால் வீங்கியது.

ஆவணி முடிவில் மகள் என்னை கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். இரத்தம் எடுத்துப் பார்த்து, லைம் நோய் என்றார்கள். இந்த ஊரில் எல்லாம் பிரெஞ்சுதான்; டொக்டர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்.

"உண்ணி கடிச்சு வாற வருத்தமாம் அப்பா. ஒரு மாசம் அன்டிபயோட்டிக் குளிசை போட்டா மாறுமாம். முதல் ரெண்டு மூண்டு நாள் நோ கூடுமாம். பயப்பட வேண்டாமாம்."

ஒரு மாதம் என்பதுதான் என் காதில் விழுந்தது. டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் பத்தொன்பது வருடமாக மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். அங்கே கை இருந்தால் போதும், வாய் தேவைப்படவில்லை. காலையில் செஃப் "பொன்ஜூர்" என்பார், நானும் "பொன்ஜூர்" என்பேன். வேலை முடிந்து போகும்போது நன்றிக்கு ஒரு "மெர்சி". இந்த இரண்டு சொல்லோடு பத்தொன்பது வருடம் போயிற்று. அந்த வேலை போனால் ஐம்பத்திரண்டு வயதில் கடை கடையாக ஏறி, தெரியாத ஒருவர் முன்னால் நின்று என்னைப் பற்றி நானே சொல்ல வேண்டும். வருத்தத்தைவிட அதற்குத்தான் பயந்தேன்.

செஃப் சொன்னதை, அங்கே பாத்திரம் கழுவும் எங்கள் ஆள் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "அண்ணை, ஒரு மாசம் உங்கட இடத்தை வச்சிருக்கிறாராம். அதுக்கு மேல ஏலாதாம்." பிறகு தன் பங்குக்கு, "கெதியா வாங்கோ. உங்கட வெங்காயத்துக்கும் இப்ப நானெல்லோ அழவேண்டிக் கிடக்கு" என்றார்.

குளிசை வாங்க பார்மசிக்குத் தனியாகப் போனேன். வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பெண்பிள்ளை போத்தலையும் ஒரு கடதாசியையும் தந்து, ஏதோ விளக்கமாகச் சொன்னாள். எனக்குக் கால்வாசிதான் விளங்கியது. கடைசியில், கேள்வி ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். அது விளங்கியது. எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். "நோன், மெர்சி" என்றேன். கடதாசியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். வீட்டில் அது ஏதோ ஒரு மேசை லாச்சிக்குள் போனது. மகளிடம் வாசிக்கச் சொல்லியிருக்கலாம். அவள் வேலையால் களைத்து வருகிறவள், பேந்து கேட்போம் என்று விட்டுவிட்டேன்.

மனைவி போத்தலை உருட்டிப் பார்த்தாள். "பெரிய மருந்து. உடம்பு கொதிக்கும். வெறும் வயித்தில போட்டிடாதேங்கோ."

இங்கிலிஷ் மருந்து சூடு, பால் குளிர்மை. எங்களில் யாருக்கும் இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. காலைக் குளிசை பால் தேநீரோடு, பின்னேரக் குளிசை ஒரு கோப்பைப் பாலோடு, இடையில் மோர் என்று அவள் ஒழுங்கு வைத்தாள். நேரம் தவறாமல் கொண்டுவந்து தந்தாள்.

இரண்டாம் நாள் நடுக்கம் பிடித்தது. இரண்டு போர்வைக்குள்ளும் பல் அடித்தது. பிறகு வியர்வை கொட்டித் தலையணை நனைந்தது. முழங்கால் முதலில் இருந்ததைவிட இரண்டு மடங்கு நொந்தது. டொக்டர் சொன்னது ஞாபகம் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நாலாம் நாள் விட்டது. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. நாலைந்து நாள் நல்லாயிருக்கும். பிறகு ஒரு விடியற்காலை விரல்கள் மரத்துக் கிடக்கும், சேட்டுப் பொத்தான் போட முடியாது. மனைவி காலுறைக்குள் அரிசி போட்டு மைக்ரோவேவில் சூடாக்கி முழங்காலில் வைப்பாள். சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பேன். கத்தி பிடிக்கும் அளவுக்கு மடங்குகிறதா என்பதுதான் என் கணக்கு. எங்கள் வீட்டு வெளிப்படி இரும்புப்படி, வளைந்து இறங்கும். அதில் நான் படிக்குப் படி குந்திக் குந்தி இறங்குவதை எதிர்வீட்டுப் பிள்ளைகள் பல்கனியில் நின்று பார்ப்பார்கள். பிறகு வெளியே போவதையே விட்டுவிட்டேன்.

மூன்றாம் கிழமை, பல்கனியில் வெயில் காய்ந்தால் மூட்டுக்கு நல்லது என்று ஒரு மணித்தியாலம் இருந்தேன். பின்னேரம் கை இரண்டும் சிவந்து எரிந்தன. கறுத்த தோல் வெயிலில் வேகும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

"பாத்தியளே, மருந்துச் சூடு வெளியால வருது" என்று மனைவி இன்னொரு கோப்பைப் பால் கொண்டுவந்தாள்.

அடுத்த நாள் மகள் என்னை அதே பார்மசிக்குக் கூட்டிப்போனாள். அந்த மருந்து போடுகிறவர்கள் வெயிலில் இருக்கக் கூடாதாம், கடதாசியில் போட்டிருக்கிறதாம். பிறகு அந்தப் பிள்ளை, குளிசையை எதோடு விழுங்குகிறேன் என்று கேட்டாள். மகள் என்னைக் கேட்காமலே பதில் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். மகளின் முகம் மாறியது.

"பாலோட போடக் கூடாதாம் அப்பா. பால் மருந்தைப் பிடிச்சு வச்சிருமாம். முழுசா உடம்பில சேராதாம்."

வெளியே வந்ததும் அவள் நடைபாதையில் நின்றுவிட்டாள். "அம்மாட்ட என்னெண்டு சொல்லுறது?"

"சொல்ல வேண்டாம்" என்றேன்.

டொக்டர், வருத்தம் திரும்பத் திரும்ப வந்ததற்குப் பால்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. இருக்கலாம் என்றார். மாதம் முடிந்தும் முழங்கால் வற்றாததால் இன்னொரு மாதத்துக்கு எழுதித் தந்தார்.

மனைவியிடம், பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அவள் சிரித்தாள். "உந்த வயசில பால்குடி மறக்கப் போறியளோ? வேப்பெண்ணெய் பூசட்டே?" நானும் சிரித்தேன். அன்றிலிருந்து வெறும் தண்ணீரோடு விழுங்கினேன்.

செஃப் தந்த மாதம் முடிந்த கிழமை, மருந்து முடியாமலே சமையலறைக்குப் போனேன். வேண்டுமென்றே வேளைக்குப் போய், யாரும் வருவதற்கு முன் கரட்டை எடுத்து வெட்டத் தொடங்கினேன். முதல் அரை மணித்தியாலம் கை ஓடியது. பிறகு பெருவிரல் பூட்டிக்கொண்டது. கத்தி பலகையில் விழுந்து நிலத்தில் விழுந்தது. செஃப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் வந்து கத்தியைக் குனிந்து எடுத்தார். என் தோளில் கை வைத்து நீளமாக ஏதோ சொன்னார். பாத்திரம் கழுவும் தம்பியை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். தம்பி வந்து நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"விளங்குது" என்றேன். "நீர் சொல்ல வேண்டாம்."

செஃப்புக்கு "மெர்சி" சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் மாதக் குளிசை முடிய உடம்பு மெல்ல மெல்லத் தேறியது. முழங்கால் மட்டும் பழையபடி வரவில்லை. மனைவி ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நான் வீட்டில் சமைத்தேன். அவள் வேலையால் வந்து காலை நீட்டிக்கொண்டு சொல்வாள்: "வேலை போனாப் போகட்டும். நான் பாலும் மோருமாத் தந்து காப்பாத்தினபடியா ஆளாவது மிஞ்சினது." நான் "ஓம்" என்பேன். மகள் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். ஒரு பெண், தன் மனுசனுக்கும் உண்ணி கடித்துவிட்டது, எனக்குத் தந்த அதே குளிசையைத் தந்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவிக்கு முகம் மலர்ந்தது. இந்த விசயத்தில் அவள் அனுபவசாலி.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா. காலமையும் பின்னேரமும் பாலோட குடுங்கோ. இவருக்கு நான் அப்பிடித்தான் குடுத்தனான். சூடே தெரியாது."

அந்தப் பெண் தலையாட்டினாள். சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் காது சுட்டது. இதை மகள் பிறகு தொலைபேசியில் சொல்லலாம், நான் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றெல்லாம் நினைத்தேன். அதற்குள் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விடுவாள்.

"பாலோட குடுக்கக் கூடாது" என்றேன்.

என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "பால் மருந்தைப் பிடிச்சிரும். தண்ணியோட மட்டும் குடுங்கோ. பார்மசியில சொன்னவை."

மனைவி கோப்பையை மேசையில் வைத்தாள். என்னை அவள் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில்தான் இருந்தாள். மூன்று தரிப்பு தாண்டியபின் கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அந்தக் கை எரிஞ்ச நேரம்."

"எங்கட பிள்ளைக்கும் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப நான் ஒருத்திதான் பெருமை அடிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."

"பிழை என்ர. பார்மசியில அந்தப் பிள்ளை கேக்கேக்க நான்தான் வாய் திறக்கேல்ல."

"இண்டைக்கு மட்டும் எப்பிடித் திறந்தது?"

அந்த மண்டபத்தில் அல்லாமல் வீட்டில் வைத்து, எட்டு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால், அவள் ஒரு நாள் அழுதிருப்பாள். அவ்வளவுதான்.

எங்கள் தரிப்பு வந்தது. என் முழங்காலுக்காக, இறங்கும்போது வழக்கம்போல என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் கோபம் இருக்கவில்லை. பிழை செய்துவிட்ட ஒரு வேலைக்காரி, உடைந்த பொருளைத் தூக்குவதுபோல அவ்வளவு கவனமாகப் பிடித்திருந்தாள்.