"உள்ள காத்து கீதும்மா"

நான்கு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில், ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் நடந்தது இது. ஊர் ஊராகப் போய் ரத்தப் பரிசோதனை செய்யும் மருத்துவ வேனில் நான் லேப் டெக்னீஷியன். அப்போது வயது ஐம்பத்திரண்டு. முழங்கால் வலி, முதுகு வலி, போதாததற்கு மலைப்பாதைக் குலுக்கல். அது தொடர்ந்து நான்காவது நாள் முகாம். காலையில் வேனில் ஏறும்போதே எப்போதடா இறங்குவோம் என்றுதான் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தியிருந்தோம். உள்ளே இருக்கும் விளக்குக்கும் மெஷினுக்கும் ஒரு சின்ன டீசல் ஜெனரேட்டர். அது வண்டியின் பின்பக்கப் பெட்டிக்குள் இருக்கும். புகைக்குழாய் அங்கேயே அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். அன்று சாரல் நிற்கவே இல்லை. பின்கதவு இடுக்கு வழியாக மெஷின் மேல் தெறித்தது. டிரைவரிடம் சொல்லி, பின்பக்கம் முழுவதையும் தார்ப்பாயால் தரைவரை மூடிக் கட்ட வைத்தேன். புகைக்குழாயும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்பது அவர் கண்ணிலும் படவில்லை, என் புத்தியிலும் உறைக்கவில்லை. குளிருக்கு ஜன்னல் கண்ணாடிகளையும் சாத்திவிட்டோம்.

மதியத்துக்குள் தலை விண்விண்ணென்று தெறித்தது. வயிற்றைப் புரட்டியது. நாலு நாள் அலைச்சல், காலையில் தின்ற ஆறிப்போன இட்லி, வயது என்று கண்டதன் மேலெல்லாம் பழி போட்டேன். டீசல் வாடை வந்திருக்கத்தான் வேண்டும். அந்த வாடையிலேயே பதினோரு வருடம் ஓட்டியவளுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

"மேடம், ஒரு மாதிரி கீது. கொஞ்சம் தலைய சாய்க்கிறேன்" என்று டிரைவர் உள்ளே இருந்த நீள பெஞ்சில் படுத்துவிட்டார். கொடுத்து வைத்தவர் என்று எனக்குப் பொறாமைதான் வந்தது.

சாப்பாட்டு வேளை முடிந்து, சர்க்கரை பார்க்க ஓர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். மழைக்குச் சாக்குப்பையைக் கூம்பாக மடித்துத் தலையில் போட்டிருந்தார். படியில் ஒரு காலை வைத்தவர், மூக்கைச் சுளித்து அப்படியே இறங்கிவிட்டார்.

"உள்ள காத்து கீதும்மா. நான் வர்ல."

காத்து என்றால் நம் ஊர்ப்பக்கம் பேய் என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியும். மரத்தடியில் காத்து அடித்தது, மந்திரித்துக் கயிறு கட்டினோம் என்று வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறேன். போதாததற்கு நாங்கள் நின்றதும் புளியமரத்தடி. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊசியப் பாத்தா உங்க காத்தெல்லாம் ஓடிப்போய்டும். ஏறு, ஏறு" என்றேன்.

அவர் ஏறவில்லை. "நீயும் எறங்கும்மா. அந்தாள மொதல்ல எழுப்பு" என்றார்.

திரும்பி டிரைவரைக் கூப்பிட்டேன். அசையவில்லை. உலுக்கலாம் என்று எழுந்தேன். கால் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயமே வரவில்லை. கொஞ்ச நேரம் இப்படியே விட்டால் போதும் என்றுதான் இருந்தது. அவ்வளவு அசதி.

அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார். என் அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்து படிக்கு வெளியே தள்ளினார். பிறகு போட்ட சத்தத்தில் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஓடி வந்தார்கள். டிரைவரைத் தூக்கி வந்து ஈரத்தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். யாரோ தார்ப்பாயை அறுத்தார்கள். குப்பென்று புகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் வாந்தி எடுத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

"காத்துன்னு தானே சொன்னேன்? பேய்ன்னு நீயா நெனச்சிக்கினா நான் இன்னா பண்றது" என்றார் அந்த அம்மா. கோபமில்லை, களைத்த குரல். "எங்க கெணத்துக்குள்ள டீசல் இஞ்சின் வெச்சி தண்ணி எறச்சோம். அத நிறுத்த எறங்குன என் கொழுந்தன் அதுங்கிட்டயே ஒக்காந்தபடி செத்துப்பூட்டான். தூங்குறான்னு இல்ல நெனச்சோம்."

நானும் டிரைவர் தூங்குகிறார் என்றுதானே நினைத்தேன்.

ஜீப்பில் ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுபோய், ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டிரைவர் பிழைத்துக்கொண்டார். இன்றும் அவர்தான் வண்டி ஓட்டுகிறார். ஜெனரேட்டரை இப்போது இறக்கி, பத்தடி தள்ளி வைத்துத்தான் ஓடவிடுகிறோம்.

அடுத்த மாதம் அதே ஊருக்குப் போனபோது, அந்த அம்மாவுக்கு வெளியே நாற்காலி போட்டு ரத்தம் எடுத்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. மாத்திரையை விடாமல் போடுங்கள் என்றேன். "நான் சொன்னத நீ கேட்டியா?" என்று சிரித்தார்.

அசதி இல்லாத நாள் இன்றைக்கும் கிடையாது. ஆனால் யாராவது வாசலில் நின்று காத்து கீது என்று சொன்னால், முதலில் இறங்கிவிடுகிறேன். என்ன காத்து என்பதை வெளியே நின்று கேட்டுக்கொள்கிறேன்.